சான்றிதழ் வந்த பின்னர் நாள் குறிப்போம்

தை பிறந்துவிட்டால் எமது விளம்பரப் பகுதிக்குத் திறப்புவிழா அறிவித்தல்கள் வந்து குவிவது வழக்கம். புதுப்பொலிவு பெற்ற நகைமாளிகை, விரிவாக்கப்பட்ட பலசரக்குக் கடை, மேல்மாடியில் புதிதாக அமைந்த விருந்து மண்டபம், முன்னர் கார் விற்பனை நிலையமாக இருந்த இடத்தில் இன்று சைவ உணவகம் என்று ஒவ்வொன்றும் எம்மவரின் உழைப்புக்குச் சான்று கூறுபவை. நிறைகுடமும் குத்துவிளக்கும் பொறித்த அந்த அறிவித்தல்களில் சுபமுகூர்த்த நேரம் நிமிடக் கணக்கில் தரப்பட்டிருக்கும். நாடாவை வெட்டுபவர் யார், முதல் விற்பனையைத் தொடக்கி வைப்பவர் யார் என்பதும் தவறாமல் இடம்பெறும். அக்கட்டடத்தில் செய்யப்பட்ட வேலைகள் சட்டப்படி நிறைவுபெற்றன என்ற சான்றிதழ் உரிமையாளரின் கையில் உள்ளதா என்பதை மட்டும் எந்த அறிவித்தலும் சொல்வதில்லை. நாமும் இன்றுவரை அதனைக் கேட்டதில்லை. இந்த ஆசிரிய தலையங்கம் அந்தத் தவற்றில் எமக்குள்ள பங்கையும் ஒப்புக்கொண்டே எழுதப்படுகின்றது.

செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் அண்மையில் எமது அலுவலகத்துக்கு நேரில் வந்திருந்தார். பெயரைக் குறிப்பிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் அதனை இங்கு தவிர்க்கின்றோம். இருபது ஆண்டுகள் பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்து சேர்த்த பணம், சீட்டில் எடுத்த பணம், கனடாவிலுள்ள மைத்துனர் அனுப்பிய கடன் ஆகிய அனைத்தையும் ஒன்று திரட்டி அவர் ஒரு கடையைக் குத்தகைக்கு எடுத்தார். பின்சுவரை உடைத்துச் சமையலறை அமைத்தார். படிக்கட்டை இடம் மாற்றினார். மேல்மாடியை மூன்று அறைகளாகத் தடுத்தார். நல்ல நாள் தவறிவிடக்கூடாது என்பதற்காக இரவு பகலாக வேலை நடந்தது. திறப்புவிழாவும் சிறப்பாக நடந்தேறியது. ஐந்து மாதங்களின் பின்னர் கதவு பூட்டப்பட்டது. தீ ஏற்பட்டால் மேல்மாடியிலுள்ளோர் சமையலறையைக் கடந்தே வெளியேறமுடியும் என்ற நிலையில், அந்த மாடியைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை அறிவித்தல் வழங்கப்பட்டது. சமையலறைக்குத் திட்ட அனுமதி இல்லை என்று வேறொரு கடிதம் வந்தது. “கட்டிட வேலை செய்தவர் எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன்” என்பதே அவர் எம்மிடம் திரும்பத் திரும்பக் கூறியது.

இது ஒரு தனிமனிதரின் துயரம் மட்டுமன்று. இலண்டனில் எம்மவர் கடை நடத்தும் வீதிகள் பலவற்றிலும் இதே கதை வெவ்வேறு உருவங்களில் நடந்துகொண்டிருக்கின்றது. சில கதைகள் கடிதத்துடன் முடிகின்றன. சில நீதிமன்றத்தில் முடிகின்றன. இவற்றிலும் கொடிய முடிவு ஒன்று உண்டு என்பதனாலேயே இதனை விரிவாக எழுதவேண்டியுள்ளது.

செவன் கிங்ஸின் கட்டடங்களை முதலில் நினைவில் கொள்வோம். 1899ஆம் ஆண்டு இங்கு புகையிரத நிலையம் திறக்கப்பட்டதை ஒட்டியே இந்த ஊர் வளர்ந்தது. ஆர்ச்சிபோல்ட் கமரன் கோர்பெற் என்பவர் வயல் நிலங்களை வாங்கி வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டினார். நிலையத்துக்கு அருகிலுள்ள கமரன் வீதி இன்றும் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. அக்காலத்துக் கடைவரிசைகள் கீழே ஒரு கடை, மேலே அக்கடைக்காரரின் குடும்பம் என்ற கணக்கில் அமைந்தவை. மரத்தாலான மாடித்தளம், மரப்படிக்கட்டு, மெல்லிய மரச்சட்டங்களின் மீது சுண்ணாம்பு பூசிய உட்கூரை ஆகியவையே அவற்றின் உள்ளமைப்பு. ஒரு குடும்பத்தின் அடுப்புக்கும் ஒரு சிறு கடையின் விளக்குகளுக்கும் அவை போதுமானவையாக இருந்தன. இன்று அதே சுவர்களுக்குள் பெரிய எண்ணெய்ச் சட்டிகள், இரவு பகலாக இயங்கும் குளிர்சாதனப் பெட்டிகள், நூற்றுக்கணக்கான அரிசி மூடைகளின் பாரம் ஆகிய எல்லாம் புகுந்துள்ளன. மேலே ஒரு குடும்பத்துக்குப் பதிலாக ஒருவரையொருவர் அறியாத பலர் தனித்தனி அறைகளில் உறங்குகின்றனர். அழகுக்காக உட்கூரையில் துளையிட்டுச் சிறு விளக்குகளைப் பதிக்கும்போது, கீழுள்ள தீயை மேலே செல்லவிடாது சிறிது நேரமாவது தடுத்து நிறுத்தவேண்டிய ஒரே தடுப்பில் நாம் துளையிடுகின்றோம் என்பதை எத்தனை பேர் உணர்ந்துள்ளனர்?

எம்மவர் பலர் “பிளானிங்” என்ற ஒரே சொல்லால் எல்லா அனுமதிகளையும் குறிப்பிடுகின்றனர். குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகின்றது. திட்ட அனுமதி வேறு, கட்டட ஒழுங்கு விதிகளின் கீழான அங்கீகாரம் வேறு. ஓரிடத்தை எதற்குப் பயன்படுத்தலாம், வெளித்தோற்றம் எவ்வாறு இருக்கலாம், புகைபோக்கி அயலவரைப் பாதிக்குமா என்பவற்றைத் திட்ட அனுமதி கவனிக்கின்றது. அந்தக் கட்டடம் விழாமல் நிற்குமா, தீயிலிருந்து மனிதர் தப்பமுடியுமா, கழிவுநீர் முறையாகச் செல்லுமா, சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழையமுடியுமா என்பவற்றைக் கட்டட ஒழுங்கு விதிகள் கவனிக்கின்றன. ஒன்று கிடைத்தால் மற்றையதும் கிடைத்ததாகாது.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி முதல் இங்கிலாந்தில் கடை, உணவகம், அலுவலகம், மருத்துவ நிலையம், உடற்பயிற்சி நிலையம் என்பன ஒரே பயன்பாட்டு வகைக்குள் கொண்டுவரப்பட்டன. இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படுவதில்லை. இந்தச் செய்தி எம்மவரிடையே “இனி எதற்கும் அனுமதி தேவையில்லை” என்று திரிந்து பரவியிருக்கின்றது. இது முற்றிலும் தவறானது. வாங்கிச்செல்லும் சூடான உணவை விற்கும் கடை அந்த வகைக்குள் அடங்காது. வழிபாட்டிடமும் அடங்காது. பயன்பாட்டு மாற்றத்துக்குத் திட்ட அனுமதி தேவைப்படாத இடத்திலும், சுவரை உடைப்பதற்கும் படிக்கட்டை மாற்றுவதற்கும் கட்டட ஒழுங்கு விதிகள் பொருந்தியே தீரும்.

நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். சாதாரண வீடொன்றில் சிறு வேலைக்கு ஓர் அறிவித்தல் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்க இடமுண்டு. வேலைத்தலமாகப் பயன்படும் கட்டடத்துக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. உள்ளூராட்சி சபையின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவை நாடுவதாயின் முழு வரைபடங்களையும் சமர்ப்பிக்கவேண்டும். சபை ஐந்து வாரங்களுக்குள் முடிவு கூறவேண்டும். இரு தரப்பும் உடன்பட்டால் இக்காலம் நீடிக்கப்படலாம். தீயணைப்புத் துறையின் கருத்தும் இதன்போது பெறப்படும். செவன் கிங்ஸைப் பொறுத்தவரை அந்தச் சபை றெட்பிரிட்ஜ் நகரசபையாகும். சபைக்குப் பதிலாகத் தனியார் அங்கீகரிப்பாளரையும் அமர்த்தலாம். ஆனால் 2024 ஏப்பிரல் முதல் அவர்கள் கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குபடுத்துநரிடம் பதிவு பெற்றவர்களாக இருத்தல் வேண்டும். பதிவு உண்டா என்பதை அமர்த்துமுன் கேட்டறிவது உரிமையாளரின் கடமை.

வேலை நடக்கும்போது பரிசோதகர் வந்து பார்ப்பார். தூணையும் விட்டத்தையும் பலகையால் மூடுமுன், நிலத்தடிக் குழாய்களை மண்ணால் நிரப்புமுன் அவர் பார்த்தாக வேண்டும். மூடியபின் அழைத்தால் உடைத்துக் காட்டும்படி கூறுவார். இதனை அவரது வன்மம் என்று எண்ணுவது அறியாமை. வேலை முடிந்ததும் அதனைச் சபைக்கு அறிவிக்கவேண்டும். விதிகளுக்கு அமைவாக உள்ளது என்று திருப்திப்பட்டால் அறிவித்த நாளிலிருந்து எட்டு வாரங்களுக்குள் வேலை நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படவேண்டும். வேலை முழுவதும் முடியுமுன்னரே கட்டடத்தில் குடியேறவோ வியாபாரத்தைத் தொடங்கவோ விரும்பினால் அதற்கும் ஐந்து நாட்கள் முன்னதாக அறிவித்தல் கொடுக்கவேண்டும். தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய தகவல்கள் அனைத்தையும் வேலை செய்தவர் கட்டடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் ஒப்படைக்கவேண்டும். எந்தக் கதவு தீத்தடுப்புக் கதவு, எந்தச் சுவர் தீயைத் தாங்கும் சுவர் என்று அறியாத உரிமையாளர் நாளை அதே சுவரில் துளையிடுவார் அல்லவா?

இவற்றோடு தீப்பாதுகாப்புச் சட்டம் தனியாக உள்ளது. 1969ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் எசெக்ஸ் மாவட்டத்தில் சவ்றன் வோல்டன் என்னும் ஊரிலுள்ள விடுதியொன்றில் தீயில் 11 பேர் இறந்தனர். அதன் பின்னர் 1971இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ்த் தீயணைப்புப் படையே சான்றிதழ் வழங்கிவந்தது. 2006 ஒக்ரோபர் முதல் அந்த முறை நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புக் கட்டளையின்படி கடையை நடத்துபவரே “பொறுப்புடைய நபர்” ஆகின்றார். தீ எங்கே தோன்றக்கூடும், யார் உள்ளே இருப்பர், எவ்வழியால் வெளியேறுவர் என்பதை அவரே மதிப்பிட்டு ஏற்பாடு செய்யவேண்டும். ஐந்து பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் சிறு கடைகள் அந்த மதிப்பீட்டைப் பொதுவாக எழுத்தில் வைத்திருக்கத் தேவையில்லை என்ற சலுகை முன்னர் இருந்தது. 2023 ஒக்ரோபர் முதலாம் திகதியுடன் அச்சலுகை முடிந்துவிட்டது. இப்போது கணவனும் மனைவியும் மட்டும் நிற்கும் கடையாயினும் மதிப்பீடு முழுமையாக எழுத்தில் இருக்கவேண்டும். மீறினால் எல்லையற்ற தண்டப்பணமும் இரண்டு ஆண்டுகள் வரையான சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்தச் சட்டம் சிறியவர்களை மட்டும் தேடிப் பிடிப்பதாக எண்ணுவோர், 2007இல் ஒக்ஸ்போர்ட் வீதியில் நிகழ்ந்த தீயின் தொடர்பில் நியூ லுக் என்ற பெரும் ஆடை நிறுவனத்துக்கு 2009இல் 4 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டதை அறிந்துகொள்வது நல்லது.

“நான்கு வருடம் கழிந்துவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது” என்பது எம்மவரிடையே நிலவும் இன்னொரு நம்பிக்கை. திட்ட அனுமதியின்றிக் கட்டிய கட்டுமானங்களுக்கு நான்கு ஆண்டு எல்லை இருந்தது உண்மையே. கடையை வேறொரு பயன்பாட்டுக்கு மாற்றும் விடயத்தில் அந்த எல்லை முன்னரும் பத்து ஆண்டுகளாகவே இருந்தது. 2024 ஏப்பிரல் 25ஆம் திகதிக்குப் பின்னர் முடிக்கப்பட்ட கட்டுமானங்களுக்கும் அது பத்து ஆண்டுகளாகிவிட்டது. கட்டட ஒழுங்கு விதிகளை மீறிய வேலையை இடிக்கவோ திருத்தவோ உத்தரவிடும் அதிகாரத்துக்கு முன்னர் ஓராண்டு எல்லை இருந்தது. 2023 ஒக்ரோபர் முதல் அதுவும் பத்து ஆண்டுகளாக நீட்டப்பட்டுள்ளது. ஒளித்து வைத்துக் காலத்தைக் கடத்தும் வழி அடைபட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

ஒளித்தவர்க்குக் காலம் ஒருநாள் பதில் கூறியே தீரும். கடையை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்பவற்றுள் நிறைவுச் சான்றிதழும் ஒன்று. குத்தகையைப் புதுப்பிக்கும்போது கட்டட உரிமையாளர் கேட்பார். வங்கி கேட்கும். தீயோ வெள்ளமோ நேர்ந்த மறுநாள் காப்புறுதி நிறுவனம் கேட்கும். ஆபத்தைப் பாதிக்கக்கூடிய விடயங்கள் அனைத்தையும் காப்புறுதி எடுக்கும்போதே நேர்மையாக வெளிப்படுத்தவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம். ஆண்டுதோறும் தவறாமல் கட்டிய காப்புறுதிப் பணம் தேவைப்படும் நாளில் கைகொடுக்காது போவதைக் காட்டிலும் பெரிய நட்டம் ஒரு வர்த்தகருக்கு வேறென்ன உண்டு?

ஆனால் பணத்தை மட்டும் வைத்து இதனை எடைபோடுவது முறையன்று. இலண்டனின் மையப்பகுதியில் டென்மார்க் பிளேஸ் என்ற சிறு சந்தில் 1980ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி அதிகாலையில் நடந்ததை எம்மவரில் அறிந்தவர் மிகச் சிலரே. பழைய கட்டடமொன்றின் மேல்மாடிகளில் உரிமம் இன்றி இரண்டு இரவுக்கழகங்கள் நடத்தப்பட்டன. தென்னமெரிக்கா, கரிபியன் தீவுகள், அயர்லாந்து முதலான இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் தமது மொழியில் பேசவும் தமது இசையைக் கேட்கவும் அங்கு கூடினர். கோபங்கொண்ட ஒருவன் கீழ்க்கதவினூடாகப் பெற்றோலை ஊற்றித் தீ வைத்தான். 37 பேர் இறந்தனர். தீ வைத்தவன் தண்டிக்கப்பட்டான். ஆயினும் அத்தனை பேர் இறந்ததற்கு வெளியேறும் வழிகள் அடைபட்டும் பூட்டப்பட்டும் இருந்தமை பெருங்காரணம். ஒரு பெருநகரின் நடுவே நடந்த அந்தப் பேரழிவு விரைவிலேயே மறக்கப்பட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வந்தேறிகளாக இருந்தமையே அந்த மறதிக்குக் காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். நாமும் வந்தேறிகளே. எமது மண்டபங்களிலும் கடை மாடிகளிலும் எமது மொழியும் இசையும் ஒலிக்கும் இரவுகளில் பின்கதவு பூட்டியிருக்கின்றதா என்று பார்க்கும் கடமை எமக்கு அடுத்தவரைவிட அதிகம்.

எமது மொழி பேசும் மண்ணிலும் இந்தப் பாடம் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. 2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் பாடசாலையொன்றின் சத்துணவுச் சமையற் கூடத்தில் பற்றிய தீ, ஓலைக்கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. ஒடுங்கிய வழியும் கீற்றுக் கூரையும் நெருக்கியடித்த வகுப்புகளும் முந்திய நாள்வரை அனைவரும் கண்ணால் கண்டவையே. பார்க்கவேண்டியவர்கள் பார்க்காமலே காகிதங்களில் கையெழுத்திட்டனர். பத்து ஆண்டுகளின் பின்னர், 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பாடசாலையை நடத்தியவரைத் தண்டித்தது. பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சனி ஞாயிறுகளில் தமிழ் படிக்கவும் பரதம் பழகவும் எமது பிள்ளைகளை எத்தகைய மாடிகளுக்கு அனுப்புகின்றோம் என்று பெற்றோர் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும்.

சான்றிதழ் இருந்தால் போதும், ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் கூறவரவில்லை. 2017 யூன் 14ஆம் திகதி 72 உயிர்களைப் பறித்த கிறென்ஃபெல் கோபுரத்தின் புனரமைப்பு வேலைகளுக்கு முந்திய ஆண்டிலேயே நிறைவுச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. புதிதாகப் பொருத்தப்பட்ட வெளிச்சுவர் உறை விதிகளுக்கு அமைவானதன்று என்பதை விசாரணைக்குழு பின்னரே வெளிக்கொணர்ந்தது. அந்தக் கோபுரத்தில் மடிந்தவர்களுள்ளும் போரிலிருந்து தப்பி இந்நாட்டை அடைந்தவர்கள் இருந்தனர். ஆகவே காகிதம் காவல்தெய்வம் அல்ல. எனினும் காகிதம் இருந்தும் இத்தனை அழிவு நேர்ந்ததென்றால், எவரும் எட்டியே பார்க்காத வேலையின் நிலை என்ன என்பதைச் சிந்திப்போம். சான்றிதழ் கேட்பது இன்னொருவரின் கண்ணைக் கொண்டு எமது கட்டடத்தைப் பார்ப்பதற்கு ஒப்பானது. அதன் பின்னரும் எமது கண்களை மூடிக்கொள்ள அது அனுமதி அளிப்பதில்லை.

எம்மவர் ஏன் பரிசோதகரை அழைக்கத் தயங்குகின்றனர்? சட்டத்தை மதியாத இனம் நாமல்ல. இலங்கையில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே, புதுக் கட்டடத்துக்கு அமைவுச் சான்றிதழ் பெறாமல் அதில் எவரும் குடிபுகக்கூடாது என்று விதித்திருந்தது. எமது பாட்டன்மார் காலத்தில் அறிந்திருந்த ஒழுங்குதான் இது. இடையில் வந்த போர் எமக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அடையாள அட்டையும் பயண அனுமதிப் பத்திரமும் சோதனைச் சாவடியில் உயிருக்கு விலையாகின. சீருடையுடன் கதவைத் தட்டுபவர் நன்மைக்காக வருவதில்லை என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. இந்நாட்டுக்கு வந்த பின்னரும் உள்துறை அமைச்சின் கடித உறையைக் கண்டாலே கைநடுங்கும் நிலையில் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துள்ளனர். அத்தகையோர் சபையின் கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்துவிடுவது எமக்குப் புரியாததன்று. ஆயினும் கட்டடப் பரிசோதகர் சோதனைச் சாவடிக்காரர் அல்லர். அவர் கேட்பது எமது பிறப்பிடத்தை அன்று, எமது விட்டத்தின் கனத்தை. இந்த வேறுபாட்டை உணராதவரை எமது அச்சமே எமக்கு எதிரியாக இருக்கும்.

சபைகளுக்கும் சொல்லவேண்டியது உண்டு. வணிகர்களில் பெரும் பங்கினர் வேற்றுமொழி பேசும் வட்டாரங்களில் அமுலாக்கக் கடிதங்கள் மட்டும் கடினமான ஆங்கிலத்தில் வருவது பயனற்றது. தண்டிக்கும் அலுவலர் கதவைத் தட்டுமுன் விளக்கும் அலுவலர் ஒருவர் வந்திருந்தால் பல கடைகள் பூட்டப்படாமல் இருந்திருக்கும். உள்ளூராட்சி நிதி சுருங்கிவரும் இந்நாளில் இது எளிதன்று என்பதை அறிவோம். எனினும் கடைவரிசைகளின் வாழ்வே ஊரின் வாழ்வு என்பதால், ஆண்டுக்கு ஓரிரு மாலைகளிலாவது வர்த்தகர்களை அழைத்துத் தமிழிலும் பிற மொழிகளிலும் விளக்கமளிக்கும் ஒழுங்கைச் சபைகள் செய்யவேண்டும்.

வாய் திறந்து குறை சொல்லமுடியாத ஒரு பிரிவினர் எம்மிடையே உள்ளனர். புகலிட விண்ணப்பத்துக்கு முடிவு காத்திருக்கும் இளைஞர்கள் கடை மாடியிலும், சில வேளைகளில் களஞ்சிய அறையிலுமே உறங்குகின்றனர். ஊரவன் என்று இரங்கி இடங்கொடுத்தவரின் மனதை நாம் குறைகூறவில்லை. ஆனால் யன்னல் இல்லாத அறையில், ஒரே படிக்கட்டின் உச்சியில், எண்ணெய்ச் சட்டிக்கு மேலே ஒருவரைப் படுக்கவைப்பது இரக்கமாகாது. உறங்குபவர் இருக்கும் கட்டடத்துக்கு விதிகள் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விழித்திருப்பவர் புகையை மணந்து ஓடுவார். உறங்குபவர் புகையிலேயே இறந்துவிடுவார். புனரமைப்பு வேலைகளில் கைக்கூலிக்கு நிற்பவர்களும் இந்த இளைஞர்களே. இந்நாட்டில் 1999இல் தடைசெய்யப்பட்ட அஸ்பெஸ்ரஸ் பழைய கட்டடங்களின் உட்கூரைகளிலும் குழாய்களின் உறைகளிலும் இன்றும் உள்ளது. அதனைச் சோதிக்காமல் உடைக்கச் சொல்பவர், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வரும் நோயை இன்றே அந்த இளைஞனின் நெஞ்சுக்குள் அனுப்பிவைக்கின்றார். இத்தகைய இடங்களில் உறங்குவோருக்கும் வேலை செய்வோருக்கும் நாம் கூறுவது, நன்றிக்கடன் என்பதற்காக உயிரை அடைமானம் வைக்காதீர்கள் என்பதே. புகையுணர் கருவி இல்லையெனில் கேளுங்கள். இரவில் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகின்றதெனில் அங்கு உறங்காதீர்கள்.

ஏற்கெனவே சான்றிதழ் இன்றித் திறந்துவிட்டவர்கள் என்ன செய்வது? வழி இல்லாமல் இல்லை. 1985 நவம்பர் 11ஆம் திகதியிலோ அதன் பின்னரோ அங்கீகாரமின்றிச் செய்யப்பட்ட வேலைகளுக்கு முறைப்படுத்தல் சான்றிதழ் கோரி உள்ளூராட்சி சபைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கூடுதலாக இருக்கும். சில இடங்களை உடைத்துக் காட்டவும் திருத்தவும் நேரிடும். செலவுதான். எனினும் தாமாக முன்வந்து பதிவு செய்பவரின் நிலை, பிடிபட்டு நிற்பவரின் நிலையிலும் பலமடங்கு மேலானது. எம்மிடம் வந்த வாசகருக்கும் இதனையே கூறினோம். மேல்மாடியில் இருந்தோரை முதலில் வேறிடத்துக்கு மாற்றும்படியும், கட்டடக் கலைஞர் ஒருவரையும் சட்டத்தரணியையும் நாடும்படியும், கடிதங்களுக்குக் குறித்த திகதிக்குள் பதில் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டோம்.

இனித் தொடங்கவிருப்போர் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் கட்டட உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறவேண்டும். இவ்விடத்தை இந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்று சபையிடம் கேட்டறியவேண்டும். வேலை செய்பவருக்கு இறுதித் தவணைப் பணத்தைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்கும் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளவேண்டும். “எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்” என்ற வாய்வார்த்தை சட்டத்தின் முன் செல்லாது. வேலையைச் செய்விப்பவருக்கும் தனிக் கடமைகள் உண்டு என்பதை 2023இல் வந்த புதிய விதிகள் தெளிவாகவே கூறுகின்றன.

எமது ஆலய பரிபாலன சபைகளும் வர்த்தக சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இவ்விடயத்தில் முன்மாதிரியாக நடக்கவேண்டும். தேவாலய மண்டபங்களையும் பண்டகசாலைகளையும் வாங்கி ஆலயங்களாக மாற்றிய வரலாறு இலண்டனில் எமக்கு உண்டு. அவ்வாறு மாற்றும்போது அனுமதி பெறவும் அயலவரைச் சமாதானப்படுத்தவும் வழிகளைச் சீர்ப்படுத்தவும் பட்ட அனுபவம் அந்தச் சபைகளிடம் குவிந்து கிடக்கின்றது. அதனைச் சிறு கடைக்காரரோடு பகிர்ந்துகொள்வதும் ஒரு தொண்டே.

எமது பங்கை நாமும் செய்வோம். இனிமேல் திறப்புவிழா விளம்பரம் கொண்டுவருபவரிடம் எமது அலுவலகம் ஒரு கேள்வியைக் கேட்கும்: வேலை நிறைவுச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா? கிடைக்கவில்லை என்றால் திகதியைச் சற்றுத் தள்ளிவைக்குமாறு அன்புடன் வேண்டுவோம். இதனால் சில விளம்பரங்களை இழக்க நேரிடலாம். திறப்புவிழா விளம்பரம் வந்த அதே பக்கத்தில் பின்னொருநாள் கண்ணீர் அஞ்சலியை அச்சிடுவதிலும் அந்த இழப்பு சிறியது.

பஞ்சாங்கம் பார்ப்பதை நாம் கைவிடச் சொல்லவில்லை. பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் தந்த பின்னர் பஞ்சாங்கத்தை விரிக்கலாம். அந்த ஆண்டில் நல்ல நாட்களுக்குப் பஞ்சம் இராது.